ஜிசிசி பாதியில் நின்றுபோனால்: முப்பதாயிரம் வரிக் கோப்பைக் கம்பைல் செய்யும் வழி

யூனிகோட் எழுத்துப் பெயர்களை ஒரு பைதான் ஸ்கிரிப்ட் படித்து, சி++ கோப்பாக எழுதித் தருகிறது. நம் 'க'வுக்கு ஒரு வரி: எண் 0பி95, பெயர் 'டமில் லெட்டர் கா'. இப்படி முப்பதாயிரத்துக்கு மேல். அதை ஜிசிசியிடம் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் மென்பொருள்) அனுப்ப மேக் கட்டளை கொடுத்துப் பத்து நிமிடம் ஆகியும் திரை அசையவில்லை. அவசரப்பட்டு கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் இன்னொரு டெர்மினலில், ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கட்டளையை ஓட்டுங்கள். அதில் ஜி++ (ஜிசிசியின் சி++ கட்டளை) என்ற பெயரைத் தேட வேண்டாம், அது வேலையை ஏவிவிடும் ஆள் மட்டுமே. உண்மையில் கம்பைல் செய்து உழைப்பது சிசி1பிளஸ். அது சிபியுவை 100 சதவீதம் பிடித்திருந்தால் வேலை நடக்கிறது. சிபியு இறங்கி ஸ்வாப் (ராம் நிரம்பினால் வட்டில் பிடிக்கும் இடம்) ஏறிக்கொண்டே போனால் ராம் போதவில்லை. மேக் -ஜே1 கொடுத்து ஒவ்வொரு கோப்பாக விடுங்கள்.

சரி, மாட்டுவது எங்கே? ஸ்கிரிப்டை 1,000, 2,000, 4,000 வரிகள் மட்டும் எழுத வைத்து நேரம் பாருங்கள். வரி இரட்டிக்கும்போது நேரமும் இரட்டித்தால் பயமில்லை. நான்கு மடங்கானால் முழுக் கோப்புக்குக் காத்திருப்பதில் பயனில்லை. அந்தச் சின்னக் கோப்பையே -எஃப்டைம்-ரிப்போர்ட் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். எந்தக் கட்டம் எவ்வளவு நேரம் தின்றது என்று அட்டவணை வரும். அதில் வேரியபிள் டிராக்கிங் (பிழை தேட உதவ, மாறிகள் எங்கே இருக்கின்றன என்று குறிப்பது) பெரிதாக இருந்தால், நிரலை வேகப்படுத்தும் -ஓ2வோடு பிழை தேடும் தகவல் சேர்க்கும் -ஜியும் சேர்த்த வினை. அந்தக் கோப்புக்கு மட்டும் -எஃப்நோ-வார்-டிராக்கிங் கொடுங்கள். வேகப்படுத்தும் வேலையை விட்டுவிடும் -ஓ0வும் கை கொடுக்கும்.

ஆனால் இவையெல்லாம் ஒத்தடம்தான். நோய் கோப்புக்குள் இருக்கிறது. பெயர்களை ஸ்டிரிங் மேப்பாக (எண்ணையும் அதற்குரிய ஸ்டிரிங்கையும், அதாவது எழுத்துச் சரத்தையும், இணைத்து வைக்கும் அமைப்பு) எழுதினால், ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்டிரிங்கை உருவாக்கும் கட்டளை ஆகிறது. நடுவில் எக்செப்ஷன் (ஓடும்போது நேரும் பிழை) வந்தால் அதுவரை உருவானதை அழிக்கும் கட்டளையும் கூடவே வருகிறது. அத்தனையும் ஒரே ஃபங்ஷனில்! நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசர் ஃபங்ஷன் ஃபங்ஷனாகத்தான் யோசிக்கும். இவ்வளவு பெரியதை விழுங்கத் திணறும்.

அதனால் மேப்பை விட்டுவிட்டு, எண்ணும் கான்ஸ்ட் சார் பாயின்டரும் (பெயர் இருக்கும் இடத்தைச் சுட்டுவது) கொண்ட ஸ்ட்ரக்ட் அரேயாக, அதாவது எளிய அட்டவணையாக, எழுத வையுங்கள். எண் வரிசையில் இருந்தால், வரிசையில் உள்ளதில் தேடித் தரும் சி++ ஃபங்ஷனான லோயர்_பவுண்டில் தேடிக்கொள்ளலாம். இனி அது கட்டளை இல்லை, வெறும் தரவு. கம்பைல் செய்தால் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பில் அப்படியே போய் உட்காரும்.

இந்த மாற்றத்தை ஸ்கிரிப்டில் செய்யுங்கள். உருவான கோப்பில் கைவைத்தால், அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது எல்லாம் அழிந்துவிடும்.