தங்க வேட்டைக் காலத்து எக்ஸ்பிரஸ் உறைகள்: படித்துப் பார்த்து வாங்குவது எப்படி?

கலிபோர்னியாவின் கொலோமாவில் 1848 ஜனவரியில் தங்கம் அகப்பட்டது. அடுத்த ஆண்டே சியரா நெவாடா மலையடிவாரச் சுரங்க முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் குவிந்துவிட்டார்கள். அரசுத் தபாலோ சான் ஃபிரான்சிஸ்கோ, சாக்ரமென்டோ, ஸ்டாக்டன் போன்ற ஊர்களோடு நின்றுகொண்டது. மிச்ச தூரத்தைத் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் ஓடின. 1849-இல் அலெக்சாண்டர் டாட் என்பவர் முகாம்களில் பெயர்ப் பட்டியல் எடுத்து, சான் ஃபிரான்சிஸ்கோ தபால் நிலையத்தில் அந்தப் பெயர்களுக்குக் காத்திருந்த கடிதங்களை வாங்கிவந்து கொடுத்தார். கடிதத்துக்குக் கூலி ஒரு அவுன்ஸ் தங்கம். அங்கே அன்றைய விலையில் 16 டாலர்!

இப்படிப் பயணப்பட்ட உறை ஒன்று கைக்கு வந்தால், விலையைப் பற்றி யோசிக்கும் முன் அது எந்தத் திசையில் போனது என்று கண்டுபிடியுங்கள். கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த கடிதமானால், முதலில் நியூயார்க் போன்ற ஊரின் தபால் முத்திரையும் கட்டணக் குறியும் இருக்கும். எக்ஸ்பிரஸ் முத்திரை அதற்குப் பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோவிலோ சாக்ரமென்டோவிலோ விழுந்திருக்கும். முகாமிலிருந்து கிழக்கே போனதில் வரிசை தலைகீழ். எக்ஸ்பிரஸ் முத்திரை முதலில், சான் ஃபிரான்சிஸ்கோ தபால் முத்திரை அதற்குப் பிறகு. மூன்றாவது வகை கலிபோர்னியாவுக்குள்ளேயே கம்பெனி கைகளில் முழுப் பயணமும் செய்தது. அதில் அரசுத் தபாலின் ஊர் முத்திரை பெரும்பாலும் இருக்காது. உறையிலேயே அச்சிட்ட தபால்தலையைக் கம்பெனி முத்திரையே அடித்திருக்கும். எந்த வகையிலும் பொருந்தாத உறை என்றால், யாரோ எதையோ பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. எக்ஸ்பிரஸ் முத்திரைகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. உள்ளே கடிதம் இருந்தால் அதன் தேதி, இல்லாவிட்டால் கடிதம் பெற்றவர் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு, இவைதான் துணை. அதைக் கம்பெனியின் ஆயுளோடு ஒப்பிடுங்கள். ஆடம்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா நிறுவனம் 1849 முதல் இயங்கி, 1855 பிப்ரவரி வங்கி நெருக்கடியில் கதவை மூடியது. கிழக்கே இருந்த ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் கம்பெனி வேறு. அது தொடர்ந்து நடந்தது. இரண்டையும் குழப்பி எழுதும் விற்பனையாளர்கள் நிறைய. ஆடம்ஸின் பழைய ஊழியர்கள் சேர்ந்து தொடங்கிய பசிபிக் எக்ஸ்பிரஸ் 1855-இல் பிறந்து 1857-இல் முடிந்தது. வெல்ஸ் ஃபார்கோ 1852 ஜூலையில்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை திறந்தது. 1851 தேதியிட்ட வெல்ஸ் ஃபார்கோ உறையை யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். ஆடம்ஸ் பெயர் அச்சான வெற்று உறை மிஞ்சி, 1855-க்குப் பிறகு வேறொருவர் கையில் பயன்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவ்வளவு தாமதமான தேதியோடு ஆடம்ஸின் கலிபோர்னியா முத்திரையே இருந்தால் அது கோளாறு.

தபால் கட்டணம் இன்னொரு சாட்சி. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு, 1851 ஜூன் முடியும் வரை கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே 40 சென்ட், மேற்குக் கரைக்குள் பன்னிரண்டரை சென்ட். 1851 ஜூலை 1 முதல் 3,000 மைலுக்குள் முன்பணமாக 3 சென்ட், அதற்கு மேல் 6. முன்பணம் கட்டாவிட்டால் 5, 10. 1855 ஏப்ரல் 1 முதல் முன்பணம் கட்டாயமாகி, நீண்ட தூரக் கட்டணம் 10 சென்ட் ஆனது. 1863 ஜூலையில் நாடெங்கும் 3 சென்ட். எனவே 40 என்ற குறியோடு 1853 என்ற ஓரக் குறிப்பு இருந்தால், எடை பல மடங்கா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒன்று பொய். எக்ஸ்பிரஸ் கூலி தனிக்கணக்கு. அது பெரும்பாலும் உறையில் எழுதப்படவே இல்லை, அல்லது பேனாவால் ஒரு எண்ணாக நிற்கும். தபால் கட்டணத்தோடு கூட்டிப் படிக்காதீர்கள்.

கம்பெனி பெயரை அச்சிட்ட தபால் உறைகள் ஏன் இவ்வளவு கிடைக்கின்றன? 1852 ஆகஸ்ட் 31 சட்டம், தபால்தலை பொறித்த அரசு உறையில் ஒட்டி மூடிய கடிதத்தைத் தபாலுக்கு வெளியே எடுத்துச் செல்ல அனுமதித்தது. அரசுக்குக் கட்டணம் சேர்ந்துவிட்டது. கம்பெனிக்குக் கூலியும் சேர்ந்தது. 1853-இல் ஜார்ஜ் நெஸ்பிட் தயாரித்த அத்தகைய அரசு உறைகள் வந்தன, கம்பெனிகள் அவற்றை வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. அச்சிட்ட கம்பெனிப் பெயரோடு நெஸ்பிட் உறை 1853-க்கு முன் இருக்கவே முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சாய்வாக ஓடும் கோடுகளும் நீர்க்குறியும் தெரிய வேண்டும். பொறித்த தபால்தலையின் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு 3 சென்ட் 1853-இலிருந்து, பச்சை 10 சென்ட் 1855-இலிருந்து, இளஞ்சிவப்பு 3 சென்ட் 1861-இலிருந்து.

ஆனால் காகிதம் அசல் என்பதால் முத்திரையும் அசல் என்று ஆகாது. பயன்பட்ட சாதாரண நெஸ்பிட் உறை மலிவு. அதன்மேல் அபூர்வ கம்பெனி முத்திரை ஒன்றைக் குத்தி விலையைப் பல மடங்காக்குவதுதான் போலிக்காரர்களின் பழைய வழி. பத்து மடங்கு லென்ஸை எடுங்கள். பழைய மை எண்ணெய் கலந்தது. எழுத்தைச் சுற்றி மெல்லிய பழுப்புப் படலமும், சில நேரம் உறையின் உட்பக்கத்தில் கறையும் விட்டிருக்கும். இன்றைய முத்திரை மை காகித இழைகளோடு மயிர்மயிராய்ப் பரவும். மை ஒரு பழைய மடிப்பின் விரிசலுக்குள்ளோ கிழிந்த ஓரத்துக்குள்ளோ இறங்கியிருந்தால், காகிதம் கிழிந்த பிறகு குத்தப்பட்டது என்று பொருள். இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. ஒட்டிய தபால்தலையானால், முத்திரைக் கோடு தலையிலிருந்து உறைக்கு வளையாமல் இறங்க வேண்டும். தலையின் விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுவது இயல்பு, கோடு தடம் மாறுவது இயல்பல்ல. புற ஊதா விளக்கில் வெண்ணீலமாகப் பளிச்சிடும் இடம், புதுக் காகிதம் வைத்துப் பழுதுபார்த்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாஸ்டனின் ஆலன் டெய்லர் போன்றவர்கள் இல்லாத கம்பெனிகளுக்கும் லேபிள் அச்சிட்டு விற்றார்கள். பழையதாகத் தெரிவது மட்டும் போதாது.

தொடக்கத்துக்கு வெல்ஸ் ஃபார்கோதான் நல்லது. 1895 வரை கடிதம் சுமந்ததால் அதன் 1860, 70-களின் உறைகள் ஏராளம். ஒரே கம்பெனி என்றாலும் ஊர் முத்திரைகள் நூற்றுக்கணக்கில் உண்டு: பிளேசர்வில், சொனோரா, டௌனிவில், வைரேக்கா. ஊர்வாரியாகச் சேர்த்துப் பழகினால் கண் தேறிவிடும். பிறகு லாங்டன், எவர்ட்ஸ் போன்ற சிறு கம்பெனிகளுக்குப் போகலாம். 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை குதிரைகளில் தபால் சுமந்து ஓடிய போனி எக்ஸ்பிரஸ் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். முதலில் அரை அவுன்ஸுக்கு 5 டாலர் கேட்ட சேவை அது, அசல் மிகக் குறைவு. 1960 நூற்றாண்டு விழாவின் நினைவு உறைகளைத்தான் பலர் அசல் என்று கொண்டுவருவார்கள்.

விலை கூடிய உறையை நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். சான்று எதிராக வந்தால் பணம் திரும்பும் என்று விற்பவரிடம் முன்பே எழுத்தில் பெறுங்கள். சீகல் ஏல நிறுவனத்தின் பழைய ஏலப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதே உறை முன்பு எந்த நிலையில் விற்றது என்று பாருங்கள். அன்று இல்லாத முத்திரை இன்று இருந்ததும் உண்டு.

வாங்கியதைக் கழுவாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், மடிப்பை அழுத்தி நிமிர்த்தாதீர்கள். பிவிசி உறை காலப்போக்கில் எண்ணெய் கசிந்து மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், நேர் வெயில் கூடாது. இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, திசை, ஆண்டு, கட்டணம், முத்திரை வரிசை ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி உறையோடு வையுங்கள்.