கேஸ் நிரப்பும் முன் காற்றோட்டத்தைப் பாருங்கள்

ஸ்பிளிட் ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும், "கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கம்ப்ரசர், வெளியே உள்ள கண்டன்சர் காயில், கேப்பிலரி அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு, அறைக்குள் உள்ள கூலிங் காயில் ஆகிய நான்கையும் இணைக்கும் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவரும் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துவிடுவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதே செலவு மீண்டும் வரும்.

உண்மையில் பல வீடுகளில் குறைந்திருப்பது காற்றுதான். ஒரு டன் ஏசி என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றக்கூடியது. அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று காயிலைக் கடந்து செல்ல வேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஃபில்டரில் தூசி அப்பிக்கொண்டால் காயிலுக்கு வந்துசேரும் வெப்பம் குறைந்து, அதன் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாக உறைகிறது. அந்தப் பனி மிச்சமிருக்கும் காற்றுவழியையும் அடைத்துவிடுகிறது. கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஆனால் அப்போது பெரும்பாலும் கேஸ் நுழையும் மெல்லிய குழாயின் அருகில் மட்டும் உறைந்திருக்கும், காயிலின் மற்ற பகுதி வறண்டிருக்கும். காற்றடைப்பு என்றால் காயில் முழுக்கப் பரவும். பனியை எக்காரணம் கொண்டும் கத்தியால் சுரண்டாதீர்கள். குழாயில் ஒரு சிறு துளை விழுந்தாலும் கேஸ் முழுவதும் போய்விடும். ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானே உருகிவிடும். பிறகு ஃபில்டரைக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டிப் பாருங்கள்.

பொருத்தும்போதே நேரும் தவறுகளும் உண்டு. இன்டோர் யூனிட் மேற்பக்கமாகக் காற்றை இழுக்கிறது என்பதை மறந்து கூரையோடு ஒட்டியோ, அழகுக்காக மரப்பெட்டிக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். அவுட்டோர் யூனிட்டின் நிலை இன்னும் மோசம்: அடுக்குமாடிக் குடியிருப்பின் குறுகிய டக்டுக்குள், அல்லது துணி காயும் பால்கனி மூலையில் வைக்கப்படும்போது, தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மீண்டும் இழுக்கிறது. கண்டன்சரின் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் கூடுதல் மின்சாரத்தை இழுத்து, நல்ல வெயில் நேரத்தில் நின்றும்போகும்.

கசிவு உறுதியானால், அதை அடைத்தபின் வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றச் சொல்லுங்கள். யூனிட்டின் லேபிளில் உள்ள கேஸையே, அதில் குறித்துள்ள எடைக்கு, தராசு வைத்து நிரப்பச் சொல்லுங்கள். ஏசிகளில் பயன்படும் கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால், அருகில் எரியும் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது.