இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் காரை மண்பாதைக்காக 40 மிமீ உயர்த்துவது எப்படி?

காரை உயர்த்தப் போகிறேன் என்று கிளம்பும் பலரும் முதலில் பார்ப்பது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதைத்தான். அது படத்துக்கு அழகு. கரடுமுரடான பாதையில் கணக்குக்கு வருவது, சக்கரம் மேலே எவ்வளவு ஏறும், கீழே எவ்வளவு இறங்கும் என்ற அசைவு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், உயரமான காரும் கிழிந்த சிவி பூட்டும்தான் (சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை) மிஞ்சும்.

இந்த விளக்கம், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனில், முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள கார்களுக்கானது. சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும் டபுள் விஷ்போன் வண்டிகளுக்கு எங்கே கணக்கு மாறும் என்பதைத் தனியே சொல்கிறோம்.

முதலில் கணக்கு

ஒரு ஸ்ட்ரட்டின் ராடு மொத்தம் 170 மிமீ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் சும்மா நிற்கும்போது சக்கரம் மேலே ஏற 90 மிமீ, கீழே இறங்க 80 மிமீ இருக்கிறது.

பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு உயரமான ஸ்பிரிங் மட்டும் போட்டு 40 மிமீ தூக்கினால் மேலே 130, கீழே 40 ஆகிவிடும். மொத்தம் அதே 170தான். பள்ளம் வரும்போது சக்கரம் 40 மிமீ இறங்கியதும் நின்றுவிடும். டயர் தரையை விட்டுத் தூக்கும், ஷாக்கின் உள்ளே ராடு மேல்முனையில் முட்டி "டக்" என்று சத்தம் வரும். சாலையின் வேகத்தடைகளில்கூட இது கேட்கும்.

ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் 40 மிமீ ஸ்பேசர் (இடைவெளி தரும் தடித்த துண்டு) வைத்தால் 90, 80 இரண்டும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த அசைவு முழுவதும் 40 மிமீ கீழே நகர்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, பழைய நிற்கும் நிலையிலிருந்து 120 மிமீ கீழே இருக்கும். அதன் சுமை போய்ச் சேருவது சிவி ஜாயின்ட்டில்.

ஆக்சில் ஷாஃப்டின் இரண்டு ஜாயின்ட்டுகளுக்கும் இடையே 400 மிமீ, பழைய உயரத்தில் ஷாஃப்ட் மட்டமாக இருந்தது என்று எடுத்துக்கொண்டால்: சக்கரம் 80 மிமீ இறங்கும்போது கோணம் 11 டிகிரி, 120 மிமீ இறங்கினால் ஏறக்குறைய 17. ஆசைப்பட்டு 75 மிமீ உயர்த்தி, 110 மிமீ இறங்கக்கூடிய நீளமான ஷாக்கும் போட்டால் 185 மிமீ. கோணம் 25 டிகிரியைத் தொடும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் டிரைபாட் வகை (மூன்று உருளைகள் கொண்ட) ஜாயின்ட்டுகள் பலவற்றுக்கு எல்லையே அந்தச் சுற்றுவட்டாரம்தான். கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை), சப்ஃபிரேம் (அந்த ஆர்ம்கள் பொருந்தும் அடிச்சட்டம்) எதையும் மாற்றாமல் செய்யும் வேலைக்கு 40, மிஞ்சிப் போனால் 50 மிமீ என்று நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். சப்ஃபிரேமைக் கீழே இறக்கும் கிட் போட்டால் கோணம் சரியாகும். ஆனால் உயர்த்தியதில் ஒரு பங்கு வண்டியின் வயிற்றுக்கடியில் திரும்பப் போய்விடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இருபக்கச் சக்கரங்களையும் ஒரே ஆக்சில் இணைக்கும் சாலிட் ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) அதே உயரத்தில்தான் இருக்கும். இங்கே அது பாடியோடு சேர்ந்திருப்பதால் 40 மிமீ உயர்த்தினால் அதுவும் 40 மிமீ மேலே போகிறது.

டபுள் விஷ்போன் என்றால்

இதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காரும். அது ஆர்மின் நீளத்தில் 0.6 பங்கு தூரத்தில் இருந்தால், மேலே வைக்கும் 25 மிமீ ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 40 மிமீ ஆகும். 40 உயர வேண்டும் என்று 40 மிமீ ஸ்பேசர் வாங்குகிறவர்கள் 65 மிமீக்கு மேல் தூக்கிவிட்டு, அப்பர் ஆர்ம் போய் ஸ்பிரிங்கில் உரசுகிறதே என்று விழிப்பார்கள். பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) தனியாக ஆர்மில் இருக்கும் வண்டிகளில் அதையும் கூடவே இறக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் அடியில் முட்டி உடையும்.

என்னென்ன வேண்டும்

எங்கள் சிபாரிசு ஸ்பேசர் அல்ல. ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்ட ஸ்பிரிங், ஷாக் செட். முன்னும் பின்னும் ஸ்பிரிங் 4, ஷாக் 4, முன் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டும் பேரிங்கும் 2 செட், பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் 4 செட், நீளம் மாற்றக்கூடிய ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பாரை ஸ்ட்ரட்டோடு இணைப்பது) 2, கேம்பர் போல்ட் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வைத் திருத்துவது) 2, எல்லா இடத்துக்கும் புது லாக் நட். பழைய நைலான் லாக் நட்டைத் திரும்பப் போடுவது தேவையில்லாத கஞ்சத்தனம்.

ஸ்பிரிங்கின் கடினத்தை வண்டியில் நிரந்தரமாக ஏறப்போகும் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் 60 கிலோ என்றால், ஒரு சக்கரத்துக்குக் குறைந்தது 30 கிலோ. சக்கரத்தில் உணரும் கடினம் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் முன்பக்கம் 10 மிமீ அமுங்கும். உயர்த்திய 40இல் கால்பங்கு அங்கேயே போயிற்று. பம்பர் எதுவும் போடாதவர் கடினமான ஸ்பிரிங் வாங்கினால், கல்பாதையில் டயர் தரையில் ஒட்டாமல் குதிக்கும்.

கருவிகளில் இரண்டில் சமரசம் கூடாது: தரமான ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பது), டார்க் ரெஞ்ச் (சொன்ன விசைக்கு இறுக்குவது). மற்றபடி ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள், துரு இளக்கும் எண்ணெய், டேப், மார்க்கர் போதும். எண்ணெயை முந்தின நாள் இரவே போல்ட்டுகளில் அடித்து வையுங்கள்.

அளந்து எழுதுங்கள்

சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்மேலாக, நான்கு சக்கரங்களிலும் அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்தாலே கணக்கு தப்பும். பிறகு பாடியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மறுபடி அளங்கள். இந்த எண்கள் இல்லாமல், வேலை முடிந்த பின் எவ்வளவு உயர்ந்தது, இறங்கும் அசைவு எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முன்பக்கம் கழற்றி மாட்டுதல்

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, பாடியின் குறிப்பிட்ட இடங்களில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை வைக்காதீர்கள்.

2. ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் விடுவியுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கை இருபக்கமும் சேர்த்தே கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் முறுக்கிக்கொண்டு போல்ட்டை வெளியே வரவிடாது.

3. லோயர் ஆர்மின் உள்பக்க புஷ் (ஆர்ம் திரும்பும் இடத்தின் ரப்பர் உருளை) போல்ட்டை இப்போதே தளர்த்தி வையுங்கள். கழற்ற வேண்டாம்.

4. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகப் பாகம்) சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு இரண்டு போல்ட்டையும் எடுங்கள். நக்கிளை அப்படியே வெளிப்பக்கம் சாயவிட்டால் ஆக்சில் ஷாஃப்ட் இழுபட்டு, உள் ஜாயின்ட்டின் உருளைகள் கூட்டை விட்டு நழுவும். ஒரு கம்பியால் நக்கிளைப் பாடியோடு கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் எடை விழக்கூடாது.

5. பானட்டுக்குள் ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் சுற்று நட்டுகளைக் கழற்றும்போது ஒரு கை கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கட்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான். ஆளைக் கொல்லும் விசை அது.

6. கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் ஸ்பிரிங்கில் நேர் எதிர் எதிரே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்பிரிங் தட்டை விட்டுத் தளர்ந்து, கையால் திருப்பினால் அசைய வேண்டும். அதன் பிறகுதான் நடு நட். ராடின் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்புங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ராடு வேகமாகச் சுழன்றால் சீல் கெட்டுப்போகும்.

7. புது ஸ்பிரிங்கின் நுனி, தட்டில் இருக்கும் படியில் போய் உட்கார வேண்டும். விலகியிருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொங்" என்று குதிக்கும்.

எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு சோதனை

ஒரு பக்கத்து ஸ்ட்ரட்டை ஸ்பிரிங் இல்லாமல், பம்ப் ஸ்டாப்போடு மட்டும் கோத்து மாட்டுங்கள். சக்கரத்தைப் போட்டு, லோயர் ஆர்மின் வெளிமுனைக்குக் கீழே ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். டயர் மட்கார்டு லைனரைத் தொடுகிறதா? பிறகு முழுதாக இறக்கிவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது சிவி ஜாயின்ட் எங்கேனும் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் விறைத்தால் அதன் பிராக்கெட்டைக் கீழே நகர்த்தலாம், அல்லது நீளமான ஹோஸ் போடலாம். பெரிய டயர் போடும் எண்ணம் இருந்தால், அதை வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான்.

இறுக்கும் நேரம்

எல்லாவற்றையும் கோத்த பின் லோயர் ஆர்ம் புஷ் போல்ட் இன்னும் தளர்வாகவே இருக்க வேண்டும். காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அழுத்தி விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். அந்த புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும். குறை சொல்லப்படுவது என்னவோ லிஃப்ட் கிட்டைத்தான். எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பொது அளவு என்று ஒன்று கிடையாது.

பின்பக்கம் வேலை சுலபம். பெரும்பாலும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆர்மை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். புஷ் விதி அங்கேயும் அதேதான்.

அலைன்மென்ட்

உயர்த்தியதும் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சாய்ந்துவிடுவதால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். அலைன்மென்ட் மையம் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். முதலில் கேம்பர் போல்ட்டால் கேம்பர், பிறகு டோ. வரிசை மாறினால் டோவை இரண்டாவது முறை செய்ய வேண்டியிருக்கும். கேஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) படித்துக் காட்டச் சொல்லுங்கள்; குறைந்திருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அலையும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருந்தால் ஸ்டியரிங் கோண சென்சாரையும் பூஜ்யம் செய்ய வேண்டும். ஹெட்லைட்டைக் கீழே இறக்க மறக்காதீர்கள்.

100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் படியும். 500 கிலோமீட்டரில் உயரத்தை அளந்து, மாறியிருந்தால் அலைன்மென்ட்டும் மறுபடி.

சத்தம் சொல்லும் சேதி

பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும் "டக்" என்றால் இறங்கும் அசைவு போதவில்லை. முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது "டிக் டிக் டிக்" என்றால் வெளி சிவி ஜாயின்ட். நேராக வேகம் எடுக்கும்போது வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் உள் ஜாயின்ட்டின் கோணம் அதிகம். சிறு குண்டு குழிகளில் கடகடத்தால், முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நீளத்தைச் சந்தேகியுங்கள்.

மண்பாதைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் சக்கரங்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பில் கறுப்பாக கிரீஸ் தெறித்த வட்டக்கோடு தெரிந்தால் பூட் கிழிந்துவிட்டது. மணல் உள்ளே போகும் முன் பிடித்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். தாமதித்தால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டிவரும்.