கோஷர் மீன் வாங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்

லண்டனில் யூதர் விருந்துகளுக்குச் சமைக்கும் கூடத்தில் மீன் வாங்குவது என் பொறுப்பு. யூத உணவுச் சட்டப்படி சாப்பிடத் தகுந்ததைத்தான் கோஷர் என்கிறார்கள். புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். இறாலும் நண்டும் கூடாது என்பது யாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

எந்தச் செதிலும் செதில்தான் என்று நினைப்பது

யூதரின் வேதமான தோராவின் லேவியராகமம் 11ஆம் அதிகாரம் துடுப்பும் செதிலும் கேட்கிறது. செதில் உள்ளதற்குத் துடுப்பும் இருக்கும் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. எனவே செதிலைப் பார்த்தால் போதும். ஆனால் நகத்தால் நெம்பினால் அது தோல் கிழியாமல் கழன்று வரவேண்டும். சுறாவின் சொரசொரப்பும் ஸ்டர்ஜன் மீனின் எலும்புத் தகடும் கணக்கில் வராது. விலாங்குக்கும் தோலுக்குள் புதைந்த பொடிச் செதில் உண்டு, அதுவும் ஆகாது.

தோலுரித்த துண்டு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒருமுறை திருமண விருந்துக்கு ஒரு பையன் பெட்டி பெட்டியாக வெள்ளைத் துண்டுகள் வாங்கி வந்தான். செதிலுள்ள கடல்மீனான ‘காட்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது, விலையும் மலிவு. தோலைச் சுத்தமாக உரித்திருந்தார்கள். கோஷர் மேற்பார்வையாளரான மஷ்கியாக் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்து, “செதில் எங்கே?” என்றார். பதில் இல்லை. மொத்தமும் திரும்பிப் போனது. அதற்குள் அடுப்பில் ஏறியிருந்த தட்டுகளையும் ஒதுக்கச் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் துண்டுகள் பாசாவாகவும் இருக்கலாம். பாசா என்பது கெளுத்தி இனம், செதிலே கிடையாது. தோலை உரித்துவிட்டால் அதற்கும் காட் மீனுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கடைக்காரர் சத்தியம் செய்தாலும் போதாது. ஒவ்வொரு துண்டிலும் செதிலோடு கொஞ்சம் தோலை விட்டு வெட்டச் சொல்லுங்கள். கண்ணெதிரே வெட்டினால் இன்னும் நல்லது. கத்தியையும் பலகையையும் முதலில் கழுவச் சொல்லுங்கள், சற்றுமுன் அதில் விலாங்கு வெட்டியிருப்பார்கள். சால்மனுக்கு மட்டும், அதன் நிறத்தை வைத்தே யூத மதகுருக்களான ராபிகள் பலர் விலக்குத் தருகிறார்கள். அந்தச் சலுகையை வெள்ளை மீனுக்கு நீட்டாதீர்கள்.

சூரையில் செதில் குறைவு என்று ஒதுக்குவது

ஒன்று இருந்தாலும் போதும். செவுள், வால், துடுப்பு ஓரம் தேடுங்கள்.

வாள்மீன்

குஞ்சில் செதில் உண்டு, வளர்ந்தால் இல்லை. மரபைக் கறாராகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர் வீட்டுக்கு வேண்டாம்.

மீன்முட்டை

தாய் மீன் ஆகாதென்றால் முட்டையும் ஆகாது. ஸ்டர்ஜன் கேவியர் என்ன விலை விற்றாலும் அதே கதைதான்.

மீனையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைப்பது

கூடாது. தட்டும் வேறு.