ஐரோப்பாவின் பழைய சுரங்கக் கனிமங்கள்: லேபிளைப் படித்து வாங்குவது எப்படி?

ருமேனியாவின் பயா ஸ்ப்ரியே, ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா ஷ்டியாவ்னித்சா போன்ற பேர்போன இடங்களில் தாது எடுப்பது நின்றுவிட்டது. இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறுபவை. அதனால் கல்லுக்கு முன்னால் அதன் லேபிளை, அதாவது கனிமத்தின் பெயரும் ஊரும் எழுதிய சிறு தாளைக் கேளுங்கள். ஊர் தெரியாத கல் எவ்வளவு பளபளத்தாலும் நான் வாங்குவதில்லை.

படி 1: எதில் தொடங்கலாம்?
பயா ஸ்ப்ரியேயின் ஊசி ஊசியான ஸ்டிப்னைட் (ஆன்டிமனித் தாது), ருமேனியாவின் கவ்னிக்கில் கிடைத்த குவார்ட்ஸ். இரண்டும் நிறைய வெளிவந்தவை, விலையும் கட்டுப்படியாகும். க்யூரி தம்பதி ரேடியத்தைக் கண்டறிய உதவிய, செக் நாட்டு யாஹிமோவின் பிட்ச்பிளெண்ட் (யுரேனியத் தாது) மீது ஆசை வரும். அது கதிரியக்கம் உள்ளது, இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: ஊர்ப்பெயர்
எனக்கு அதிகம் பிடிபடாமல் இருந்த படி இதுதான். பழைய லேபிள்களில் இன்றைய பெயர்கள் இருக்காது. யாஹிமோவ் அங்கே யோவாகிம்ஸ்தால், பயா ஸ்ப்ரியே ஃபெல்ஷோபான்யா, கவ்னிக் கப்னிக், தங்க டெல்லுரைடுகளுக்கு (தங்கமும் டெல்லுரியமும் சேர்ந்த கனிமங்கள்) பேர்போன ருமேனியாவின் சகரம்ப் நாட்யாக். பான்ஸ்கா ஷ்டியாவ்னித்சாவின் ஜெர்மன் பெயர் ஷெம்னிட்ஸ். சாக்சனியின் கெம்னிட்ஸ் வேறு ஊர். எழுத்தில் பார்த்தால் முன்னால் ஒரு 'எஸ்' மட்டும்தான் வித்தியாசம். வெள்ளிக்குப் பேர்போன ஃப்ரைபெர்க்கும் தென்மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கும் அப்படித்தான். கையெழுத்து மங்கியிருந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அப்புறம் கனிமங்களையும் அவை கிடைக்கும் ஊர்களையும் பட்டியலிடும் மைண்டாட் இணையதளத்தில் பழைய பெயரையே போட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் இன்றைய ஊருக்கே கொண்டுபோய்விடும்.

படி 3: கல்லும் லேபிளும் ஒத்துப்போகிறதா?
கல்லின் அடியில் சிறிய எண் எழுதியிருந்தால் அது லேபிளிலும் இருக்க வேண்டும். அடுத்து தாய்ப்பாறை, அதாவது கனிமம் ஒட்டியிருக்கும் பாறையும் கூட வரும் மற்ற கனிமங்களும். சகரம்பின் நாக்யாகைட் என்ற தங்கக் கனிமத்தின் தகடுகள் இளஞ்சிவப்பு ரோடோகுரோசைட்டோடும் குவார்ட்ஸோடும் வருவது வழக்கம். பயா ஸ்ப்ரியே ஸ்டிப்னைட்டில் பல சமயம் பாரைட் ஒட்டியிருக்கும். இதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் டிரிப்லெட் (மூன்று கண்ணாடிகள் சேர்த்த) லென்ஸ் போதும். 30 மடங்கு என்று விற்கும் மலிவு லென்ஸ்களில் காசைப் போடாதீர்கள். பார்வைப் பரப்பு குறுகிவிடும். கூடவே 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் பல பசைகள் பளிச்சென்று ஒளிரும்.

படி 4: வைப்பது
ஃப்ரைபெர்க்கின் சிவப்பு வெள்ளித் தாதுவான புரூஸ்டைட் வெளிச்சத்தில் கருத்துப்போகும், மூடிய பெட்டிதான் சரி. நார்வேயின் காங்ஸ்பெர்க் கம்பி வெள்ளியை நகைக்கடையில் வெள்ளியைப் பளபளப்பாக்கும் திரவத்தில் முக்கவே கூடாது. பழைய லேபிளின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், எழுதாதீர்கள். உங்கள் லேபிள் தனித் தாளில், அமிலமில்லாத காகிதத்தில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: லேபிளில் 'உங்கார்ன்' (ஹங்கேரியின் ஜெர்மன் பெயர்) என்றிருக்கிறது, ஹங்கேரி வரைபடத்தில் அந்த ஊரே இல்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1920 டிரையனான் ஒப்பந்தத்துக்கு முந்தைய ஹங்கேரியில் இன்றைய ஸ்லோவாக்கியாவும் டிரான்சில்வேனியாவும் அடங்கும். அங்கே தேடுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்து லேபிளின் வயதைச் சொல்லிவிட முடியாது. 1920க்குப் பிறகும் பல வியாபாரிகள் பழைய பெயரையே எழுதினார்கள்.