2 ஜிபி கிராபிக்ஸ் நினைவகத்தில் ஜிடிஏ 5

மடிக்கணினியில் 2 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமே இருந்தாலும், 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 விளையாட்டை ஓரளவு சீராக ஓட்ட முடியும். அதன் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில், நாம் மாற்றும் ஒவ்வொரு தேர்வும் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்பதை ஒரு பட்டை உடனுக்குடன் காட்டும். அது எல்லையைத் தாண்டினால், மிஞ்சிய தரவு வேகம் குறைந்த ராமுக்குத் தள்ளப்படுவதால், காரை வேகமாக ஓட்டும்போது காட்சி திக்கித் திணறும். முதலில், உருவங்களின் விளிம்புகளை மென்மையாக்கும் இரு தேர்வுகளில், நினைவகத்தை அதிகம் விழுங்கும் எம்எஸ்ஏஏ-வை அணைத்து, இலகுவான எஃப்எக்ஸ்ஏஏ-வை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை 'நார்மல்' நிலைக்கு இறக்குங்கள். தெளிவுத்திறனை 1080-இலிருந்து 720-க்குக் குறைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். குறைத்தால், திரையின் மூலையிலுள்ள வரைபடம் மங்கி, பார்ப்பதற்கே எரிச்சலாகிவிடும். இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ள கணினியானால், விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் இந்த விளையாட்டுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.