மருத்துவ அறவியல் இதழுக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ அறவியல் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்கிறேன். புதிதாக எழுதுபவர்களிடம் என் பழைய தவறுகளையே பார்க்கிறேன். மேற்கோள் முறை, சொல் வரம்பு எல்லாம் இதழே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது

என் முதல் கட்டுரை ஒரு நோயாளியைப் பற்றியது. செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா என்பதில் குடும்பமே இரண்டாகப் பிரிந்து நின்றது. பெயரை நீக்கினேன், வயது, தொழில், பிள்ளைகளின் வாக்குவாதம் எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். "வெளியிட ஒப்புதல் எங்கே?" என்று கேட்டார் இதழாசிரியர். சிகிச்சைக்கு வாங்கிய படிவத்தை அனுப்பினேன். அது வேறு, இது வேறு என்று பதில் வந்தது. நோயாளி அதற்குள் இறந்துவிட்டார். மூத்த மகளிடம் கட்டுரையைக் கொடுத்தேன். "சொந்தக்காரங்க யார் படிச்சாலும் நாங்கதான்னு தெரிஞ்சிடும்" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். எட்டு மாத உழைப்பை அப்படியே எடுத்துவைத்தேன்.

இன்றும் இதே தவறோடு கட்டுரைகள் வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. கண்களை மட்டும் மறைத்த படங்கள்கூட வருகின்றன. அந்த மறைப்பு போதாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு எப்போதோ சொல்லிவிட்டது. அடையாளம் தெரியக்கூடிய நோயாளியிடம் கட்டுரையையே காட்டித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

சரி, விவரங்களை மாற்றி எழுதலாமே என்பார்கள். அறவியலில் அது இன்னும் ஆபத்து. முடிவெடுத்தவர் மனைவியா மகனா என்பதை மாற்றினால் கேள்வியே மாறிவிடும். நடந்ததை எழுதுவதானால் எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு கற்பனை நிகழ்வை அமைத்து, அது கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நான்கு கொள்கைகளை ஒப்பிப்பது

மருத்துவ அறவியலின் அடிப்படையாகச் சொல்லப்படும் தன்னாட்சி (தன் சிகிச்சையை நோயாளியே முடிவு செய்வது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். இவற்றில் இரண்டு மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது, ஏன்? கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வு முடிந்தபின் அறக்குழு அனுமதி தேடுவது

கிடைக்காது. ஆய்வு அறத்தோடு நடக்குமா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் அந்தக் குழு.

பெரும்பான்மைக் கருத்தை முடிவாக்குவது

மருத்துவர்களில் பலர் ஏற்கிறார்கள் என்று கணக்கெடுப்பு காட்டலாம். அதனால் அது சரியென்று ஆகாது. 1966-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் அறத்துக்குப் புறம்பானவை என்று எடுத்துக்காட்டிய 22 ஆய்வுகளில் பல, முன்னணி மருத்துவ நிறுவனங்களில் நடந்தவை.